மாஸ்டர் மறுத்த கூட்டம்

ஒன்றிய அணியின் முகாமையாளர் கனடாவில் இருக்கும் மகளிடம் போகிறார் என்ற செய்தி எங்கள் பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே அத்தானுக்கு வந்துவிட்டது. நான் போய்ச் சொன்னபோது அவர் உரும்பிராய் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓம், கேள்விப்பட்டனான்," என்றார். சக்கரத்தை ஒரு முறை சுற்றிவிட்டார். "ஆரைப் போடப் போகினமாம்?"

அக்கா குசினி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே விடயம்தான் மனதில் இருந்தது.

ஒன்றியம் என்பது எங்கள் பக்கத்து உதைபந்தாட்டக் கழகங்கள் சில சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. பாதி வெங்காயமும் புகையிலையும் வைக்கும் தோட்டக்கார ஊர்கள், பாதி மீன்பிடிக்கும் கரையோர ஊர்கள். வருடம் முழுவதும் ஒன்றை ஒன்று தோற்கடிக்கப் பார்க்கும் இந்தக் கழகங்கள், வெளி மாவட்ட அணிகளுடன் ஆடும்போது மட்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ளும். அந்தச் சட்டையை யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்தான் முகாமையாளர். பயிற்சி கொடுப்பதும், ஆட்களைத் தெரிவதும், தோற்றால் ஏச்சு வாங்குவதும் அவரே. சம்பளம் இல்லை.

அத்தான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊருக்கு அவர் மாஸ்டர். நல்ல நடுக்கள ஆட்டக்காரர். ஆனால் அவர் நன்றாக ஆடிய வருடங்களில் யுத்தத்தால் பாதை பூட்டியிருந்தது. எந்த அணியும் வெளியே போகவில்லை, வெளியிலிருந்தும் எதுவும் வரவில்லை. பாதை திறந்தபோது அவருடைய முழங்கால் போய்விட்டிருந்தது. அதன் பிறகு, மாறி மாறி வந்த முகாமையாளர்களுக்கு உதவியாளராகவே நின்றார். பந்துப் பையைச் சுமந்தார், கோடு போட்டார், பதினாறு வயதில் வந்தவர்களுக்கு இடது காலால் உதைக்கப் பழக்கினார். முகாமையாளரின் கதிரை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் முகாமையாளருக்கு வயதெல்லை உண்டு. அடுத்த நியமனம் வரும்போது அவர் அதைத் தாண்டியிருப்பார். இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை.

எதிர்ப்பு வந்தது அவருடைய சொந்த ஊர்க் கழகத்திலிருந்துதான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு இறுதிப் போட்டி. அன்றைய முகாமையாளர் காய்ச்சலில் படுத்துவிட, அணியைத் தெரியும் பொறுப்பு அந்த ஒரு நாளைக்கு மட்டும் அத்தானிடம் வந்தது. அவர் எங்கள் ஊர்க் கோல் காப்பாளரை வெளியே இருத்திவிட்டு, கரையோரத்துக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன் ஒருவனை இறக்கினார். அவன்தான் அந்த வருடம் திறமாக நின்றவன். இறுதிப் போட்டியில், கடைசி நிமிடங்களில், கைக்கு வந்த பந்தை அவன் கால்களுக்கிடையில் விட்டுவிட்டான். அதை எங்கள் ஊர் இன்றுவரை மறக்கவில்லை. கரையோரமும் மறக்கவில்லை, ஆனால் அவர்கள் நினைவில் வைத்திருந்தது வேறு. தங்கள் பெடியனை ஊர் பார்க்காமல், சமயம் பார்க்காமல் எடுத்த மனிதர் என்று.

ஆகவே முகாமையாளர் பதவி காலியானபோது கரையோரக் கழகத்தார் எல்லாம் அத்தானின் பெயரைச் சொன்னார்கள். தோட்டக்கார ஊரார் வேறொருவரைச் சொன்னார்கள். கொழும்பில் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்த, முப்பத்தைந்து வயதைத் தாண்டாத ஒருவர். அவர் நல்ல பிள்ளை. அத்தானிடம் இடது கால் பழகியவர்.

வட்ஸ்அப் குழுவில் நாளெல்லாம் குரல் பதிவுகள் வந்தன. நல்லூர்ப் பக்கத்தில் நான் தலைமயிர் வெட்டும் சலூனில் இரண்டு பேர் இதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டருக்கு இப்ப ஓடேலுமே? விசில் ஊதவே மூச்சு வாங்கும்."

"மனேச்சர் என்னத்துக்கு ஓட வேணும்? ஓடுறதுக்குத்தானே பதினொரு பேரை விடுறது."

"அந்தப் பதினொரு பேரிலை எங்கடை ஊரிலையிருந்து ஒருத்தரும் நிக்கமாட்டினம், பார்."

"நிண்டு என்ன கண்டது? போன முறையும் உங்கடை ஆக்கள்தானே நிண்டவை. நாலு கோல்!"

சலூன்காரர் கத்தியை நிறுத்தி, கதிரையில் இருந்து கதைத்தவரிடம், "தலையை ஆட்டாதையுங்கோ, காது போயிடும்," என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். கண்ணாடிக்குள்ளால் எனக்கு ஒரு சிரிப்பைக் காட்டினார்.

அத்தான் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. காலையில் நடக்கப் போகும் தூரத்தை மட்டும் கூட்டினார். ஒரு நாள் நான் போனபோது புதிய விசில் ஒன்று மேசையில் இருந்தது. என்னைக் கண்டதும் பத்திரிகையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

கூட்டத்தில் அவருடைய பெயரை முன்மொழிய இருந்தவர், அன்று பந்தை விட்ட அந்தக் கரையோரத்துக் கோல் காப்பாளர்தான். அவர் இப்போது லண்டனில், ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கிளைக்குப் பொறுப்பாக இருக்கிறார். வெளிநாட்டுக் கிளைகள் சூம் மூலம் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், முன்மொழியலாம் என்று சென்ற முறை யாப்பைத் திருத்தியிருந்தார்கள். "மாஸ்டரின்ரை பேரை நான்தான் சொல்லுவன், வேற ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்று அவர் கேட்டுக்கொண்டதாகக் கரையோரத்து ஆட்கள் சொன்னார்கள். அது அவருக்கு ஒரு கடமை போல இருந்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார். இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்பார். கொஞ்சமென்றாலும் குடியுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். மீண்டும் ஒரு வேண்டாம். அதற்குள் கேத்தில் அடுப்பில் ஏறியிருக்கும். முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்பவரை வீட்டுப் பெண்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். அத்தான் இந்த வழக்கத்தில் ஊறியவர். என் வீட்டிலேயே, சொந்த மைத்துனன் வீட்டில், இரண்டு முறை மறுத்துவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார்.

பதவிக்கும் இதே முறைதான். கோயில் நிர்வாகமானாலும் வாசிகசாலையானாலும் பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து, எனக்கு வேண்டாம், வேறு யாரும் செய்யட்டும் என்பார். முன்மொழிந்தவர் உடனே எழுந்து, உங்களை விட்டால் யார் என்பார். வழிமொழிந்தவர் அதையே திருப்பிச் சொல்வார். பின்வரிசையிலிருந்து இரண்டு குரல் வரும். பிறகு அவர் கைகூப்புவார். செய்தியாளனாக இருந்த காலத்தில் இப்படிப் பல கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். மறுப்பை எழுதுவதில்லை. ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார் என்றுதான் எழுதுவோம். மறுப்பு செய்தி அல்ல.

கூட்டம் சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. அக்கா வெள்ளைச் சட்டையை மினுக்கிக் கொடுத்திருந்தாள். அத்தானை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் உறுப்பினன் அல்ல. பத்திரிகைக்காரர்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த கதிரையில், எங்கள் பிரதேச நிருபருக்குப் பக்கத்தில் இருந்தேன். அத்தான் மூன்றாம் வரிசையில் ஓரமாக இருந்தார். முன்வரிசையில் இடம் இருந்தது. முன்னுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வேண்டாம், இங்கே நல்லாயிருக்கு என்றார். இரண்டாம் முறை கூப்பிடப் போனவரை வேறு யாரோ மறித்துக் கதைக்க, அது அப்படியே விடுபட்டது.

தலைவர் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறாதவர். வெள்ளைச் சுவரில் திரையை விழுத்தியிருந்தார்கள். லண்டன்காரரின் முகம் சுவர் முழுவதும் இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு யேசு படம், அதற்கு மேலே பழைய ஒன்றியச் சட்டை ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள்.

அவர் நன்றாகப் பேசினார். பெயரைச் சொன்னார். கரையோரக் கழகமொன்றின் செயலாளர் எழுந்து வழிமொழிந்தார். கைதட்டினார்கள். அத்தான் எழுந்தார்.

"எனக்கு உது வேண்டாம். வயதும் போட்டுது. இளம் ஆக்கள் ஆரும் செய்யட்டும், நான் பின்னாலை நிக்கிறன்," என்றார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். முறைப்படி கதிரையில் இருக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். திரையில் லண்டன்காரரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கண் ஒன்று மூடியிருந்தது. முதலில் அவர் யோசிக்கிறார் என்றுதான் நினைத்தோம். பிறகும் அந்தக் கண் திறக்கவில்லை.

"லைன் போட்டுதோ?"

"பொறு பொறு, வரும்."

"உங்கடை வைபையை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோவன்."

வழிமொழிந்த செயலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்மொழிந்தவர் வற்புறுத்தாமல் வழிமொழிந்தவர் வற்புறுத்துவது முறையல்ல. மேலும் அந்த உரிமையை லண்டன்காரர் கேட்டு வாங்கியிருந்தார். பின்வரிசைக்காரர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். இப்படி ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் சொல்ல வேண்டியவரைப் பார்த்தபடி இருக்க, அத்தான் நடுவில் தனியாக நின்றார். கைகள் பாதி மடிந்திருந்தன.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மாஸ்டர், அப்ப உங்களுக்கு விருப்பமில்லை. அப்பிடித்தானே?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்களில் விடை கிடையாது. விருப்பம் என்று சபை நடுவில் சொல்ல அத்தானால் முடியாது. அவர் மட்டுமல்ல, அந்த மண்டபத்தில் இருந்த ஒருவராலும் முடியாது.

"சபை விரும்பினபடி செய்யுங்கோ," என்றார் அத்தான்.

அது ஓம் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் வாக்கியம். தலைவர் தலையாட்டினார். "சரி. மாஸ்டர் மறுத்திட்டார். அடுத்த பேர் இருந்தால் சொல்லலாம்."

அப்போதுதான் செயலாளர் எழுந்தார். "தலைவர், பொறுங்கோ, மாஸ்டர் சும்மா ஒரு மரியாதைக்கு..."

"தம்பி, அவர் தன்ரை வாயாலை சொன்னவர். நான் அதைத்தானே எடுக்கலாம்? இல்லை, பொய் சொல்லுறார் எண்டு நீர் சொல்லுறீரோ?"

செயலாளர் அத்தானைப் பார்த்தார். அத்தான் கதிரையில் இருந்துவிட்டார்.

சான்றிதழ்க்காரரின் பெயர் சொல்லப்பட்டது. அவரும் எழுந்தார். "மாஸ்டர் இருக்கேக்குள்ளை நான் எப்பிடி? எனக்கு வேண்டாம்," என்றார். அதுவும் முறைப்படிதான். அவர் சொல்லி முடிக்கும் முன்பே, முன்மொழிந்தவர் பக்கத்துக் கதிரையிலிருந்து எழுந்து அவருடைய தோளைப் பிடித்துவிட்டார். "இல்லைத் தம்பி, நீர்தான், கதைக்காமல் ஓமெண்டும்!" பின்வரிசையிலிருந்து இரண்டு குரல், நாலு குரல். அவர் கைகூப்பினார். கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோது சுவரில் லண்டன்காரரின் கண் திறந்தது. "கேக்குதோ? நான் சொல்லுறது கேக்குதோ? மாஸ்டர், உங்களை விட்டால் ஆர்..." என்று அவருடைய குரல் மண்டபம் முழுவதும் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

தலைவர் வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரையும் போலச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தானை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கோப்பாய் வெளியில் காற்று அடித்தபோது, "மெல்லப் போம் தம்பி," என்று மட்டும் சொன்னார். அக்கா படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அத்தான்.

"அதுக்கு?"

"ஓமெண்டுட்டினம்."

அக்காவுக்கு விளங்கியது. உள்ளே போனாள்.

மறுநாள் செய்தி எங்கள் பத்திரிகையில் வந்தது. நிருபர் அனுப்பிய பிரதி என் மேசைக்குத்தான் முதலில் வந்திருந்தது. "சிரேஷ்ட பயிற்றுநர் பதவியை ஏற்க மறுத்ததைத் தொடர்ந்து, புதிய முகாமையாளர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்." சிரேஷ்ட பயிற்றுநர் என்பது அத்தான். அந்த வாக்கியத்தை நான் பலமுறை வாசித்தேன். அவர் மறுத்தார். அதைத் தொடர்ந்துதான் தெரிவு நடந்தது. ஒரு சொல்லும் பிழையில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே அச்சுக்குப் போனது.

கரையோரக் கழகங்கள் விடவில்லை. விசேட பொதுக்கூட்டம் கேட்டார்கள். யாப்பில் அதற்கு இடம் இருந்தது. தலைவரும் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். பதவியில் தனக்கு விருப்பம் உண்டு என்று மாஸ்டர் தாமே வந்து சொல்ல வேண்டும். செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு, வெள்ளை உடுப்போடு, வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"மாஸ்டர், ஒரு சொல்லு. எனக்கு விருப்பமெண்டு ஒரு சொல்லு. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

"நான்தானே வேண்டாமெண்டனான்."

"அது எல்லாருக்கும் தெரியும், ஏன் சொன்னியள் எண்டு."

"தெரிஞ்சவை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

செயலாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "கீப்பர் சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டம் மாஸ்டர். அவன் அழுகிறான். நீங்கள் போனையும் எடுக்கிறியள் இல்லையாம்."

அவர் அங்கேயே தன் தொலைபேசியில் லண்டனை எடுத்து அத்தானின் கையில் வைத்தார். குரல் வெளியே கேட்டது.

"மாஸ்டர், லைன் கட்டாயிட்டுது மாஸ்டர்."

"தெரியும். பரவாயில்லை."

"என்னாலைதான் மாஸ்டர்."

"விடடா. நீ முந்தியும் பெரிய மட்சிலைதானே கோல் விடுறனி."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்பதற்குள் அத்தான் தொலைபேசியைச் செயலாளரிடம் நீட்டிவிட்டார். அத்தான் சிரிக்கவில்லை. விசேட கூட்டம் கூடவில்லை.

புதிய முகாமையாளர் அதற்குப் பிறகு ஒரு மாலை வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, பாடசாலைப் பெடியனைப் போலக் கதிரை நுனியில் இருந்தார். உதவியாளராக வர வேண்டும் என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி."

"நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது மாஸ்டர்."

"வேண்டாம்."

"மாஸ்டர், நான் உங்களிட்டைப் பழகினவன். நீங்கள் வரத்தான் வேணும்."

அவர் முறைப்படி வற்புறுத்தினார். மனதோடும்தான் வற்புறுத்தினார் என்று நினைக்கிறேன். கண் கலங்கியிருந்தது. அத்தான் முன்னர் போலவே மெதுவாக, அதே மரியாதையோடு, மூன்றாம் முறையும் வேண்டாம் என்றார். அந்த வேண்டாமுக்கும் மண்டபத்தில் சொன்ன வேண்டாமுக்கும் குரலில் ஒரு வித்தியாசமும் எனக்குக் கேட்கவில்லை. அக்கா உள்ளிருந்து வந்து, "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றாள். "வேண்டாம் அக்கா, இப்பதான்..." என்றார் அவர். அக்கா, "சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் சிறிது நேரம் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்தார்.

அந்த வருடப் போட்டிகளின் தொடக்க நாளுக்கு அத்தானை விருந்தினராக அழைத்தார்கள். போகாமல் விட்டால் கோபம் என்று கதைப்பார்கள் என்று போனார். ஒலிபெருக்கியில் ஒருவர் அவரை அறிமுகம் செய்தார். பதவி தேடி வந்தபோதும் வேண்டாமென்று இளையவருக்கு விட்டுக்கொடுத்தவர், ஆசையில்லாத மனிதர், இந்தக் காலத்தில் இப்படி யார் இருக்கிறார் என்றார். நக்கல் இல்லை. அதற்குள் ஊர் அப்படித்தான் நம்பத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்க் கழகம்கூட அவரை மன்னித்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். அத்தான் வெயிலில் அந்தச் சரிகைத் துணியோடு நின்று, ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். இடது பின்களத்தில் நிற்கப்போகிறவனிடம் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. முதல் பாதி முடிவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

இப்போது அவர் காலையில் மைதானப் பக்கம் நடக்கப் போவதில்லை. தோட்டங்களுக்கு நடுவால் போகும் ஒழுங்கையால் போய்த் திரும்புகிறார். விசிலை அதன் பிறகு நான் காணவில்லை.

சென்ற மாதம் உடுப்பிட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு, கலியாணம் விசாரிக்க, அவரும் நானும் போனோம். வீட்டுக்காரப் பெண் வந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றாள்.

"ஓம்," என்றார் அத்தான்.

அவள் அடுத்துச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல இடமில்லாமல் ஒரு கணம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் வழக்கப்படி வேண்டாம் என்றேன். என்னை இரண்டு முறை கேட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் அப்போதுதான் அடுப்பில் வைக்கிறார்கள் போலிருந்தது, வெகுநேரம் ஆனது. அத்தான் முழங்கால்களில் கைகளை வைத்தபடி குசினி வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.